அரிசிம்பருப்புக்கு என்ன குறைச்சல்?

இன்னைக்குக் கொஞ்சம் கோவத்தோடதான் எழுத உக்காந்திருக்கேன்.

போன வாரம் ஒரு அம்மா, ரெண்டரை வயசுப் பையனை நம்ம டே கேர்ல சேர்க்கலாமான்னு பார்க்க வந்தாங்க. ஹாலைப் பார்த்தாங்க, தூங்கற ரூமைப் பார்த்தாங்க, பாத்ரூமைத் தொறந்து பார்த்தாங்க. எல்லாம் புடிச்சுப்போச்சு. கடைசியா சமையல்கட்டு வாசல்ல ஒட்டியிருக்கற சாப்பாட்டு அட்டவணையைப் படிச்சாங்க.

"அரிசிம்பருப்பு, கீரைக் கடைசல், தட்டப்பயிறு குழம்பு... ஏனுங்கக்கா, ஹெல்தியா எதுவும் குடுக்க மாட்டீங்களா?"

ஹெல்தின்னா என்ன எதிர்பார்க்கறீங்கன்னு கேட்டேன். ஓட்ஸ், கார்ன்ஃப்ளேக்ஸ், கோதுமை பாஸ்தா, ப்ரோக்கோலி, பால்ல கலக்கற பவுடர். அவ்வளவும் மூச்சுவிடாம சொன்னாங்க.

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்லைங்க. பாவம், மொதக் குழந்தை, ராத்திரியெல்லாம் போன்ல வீடியோ பார்த்து, நல்லது எதுன்னு தேடித்தேடி படிச்சுட்டு வந்திருக்காங்க. கோவமெல்லாம், சத்துன்னா அது விலை ஒசந்த டப்பாவுலதான் வரும்னு நம்ம எல்லாருக்கும் யாரோ சொல்லிச் சொல்லி நம்ப வச்சிருக்காங்க பாருங்க, அது மேலதான். அதனால இன்னைக்கு முழுசா சாப்பாட்டுக் கதைதான். நீளமாத்தான் போகும், ஒரு காப்பி போட்டுட்டு வந்து உக்காருங்க.

புதுசா படிக்கறவங்களுக்கு: கோயமுத்தூர்ல சிங்காநல்லூர் பக்கம், எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல டே கேர் நடத்தறேன். ஒன்றரை வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் பன்னெண்டு குழந்தைங்க. அப்பா அம்மாவெல்லாம் ஐடி கம்பெனி, ஆஸ்பத்திரி நர்ஸ், ஸ்பின்னிங் மில், பம்ப் செட் கம்பெனி. ஒடிசாவுல இருந்து வந்து ஃபவுண்ட்ரில வேலை பார்க்கற ஒரு குடும்பத்துக் குழந்தையும் இருக்கா. காலைல எட்டரைக்கு விட்டா சாயங்காலம் ஆறு, ஆறரைக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. அப்படின்னா ஒரு குழந்தை ஒரு நாள்ல சாப்பிடறதுல பாதிக்கு மேல எங்கிட்டதான் சாப்பிடுது. இதை நினைச்சா எனக்குச் சில நாள் பயமாக்கூட இருக்கும். வளர்ற வயசு. இந்த வயசுல விட்டத அப்பறம் புடிக்கறது ரொம்பக் கஷ்டம்.

ஆரம்பிச்சப்ப சாப்பாடு வீட்டுல இருந்தே வரட்டும்னுதான் வச்சிருந்தேன். எல்லா டே கேர்லயும் அப்படித்தானே. காலைல ஏழு மணிக்குக் கட்டின டப்பா, மத்தியானம் பன்னெண்டரைக்குத் தொறந்தா சாதம் வெறைச்சுக் கெடக்கும். தயிர்சாதம் புளிச்சிருக்கும். அதைவிடப் பெரிய சங்கடம், பன்னெண்டு டப்பாவுல பன்னெண்டு வீடு தெரியும். ஒருத்தன் டப்பாவுல சிக்கன் இருக்கும். பக்கத்துல இருக்கறவ டப்பாவுல வெறும் சாதமும் ஊறுகாயும். மூணு வயசுக் குழந்தைக்கு அது தெரியாதுன்னு நினைக்காதீங்க. நல்லாவே தெரியும். அடுத்தவன் டப்பாவையே பார்த்துட்டு உக்காந்திருக்கும்.

அப்பறம் பக்கத்துல ஒரு மெஸ்ல சொல்லி வாங்கிப் பார்த்தோம். ருசி இருந்துச்சு. ஆனா காரம் பெரியவங்க காரம், எண்ணெய் பெரியவங்க எண்ணெய். காயி தேடணும். ஒரு குழந்தைக்கு ஆகற காசு, நானே சமைச்சா ஆகறதுல ரெண்டு மடங்கு. அதையும் நிறுத்திட்டேன்.

இப்ப எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. மேனேஜர் வீட்டுப் பையனும் மில்லுல வேலை செய்யறவங்க பொண்ணும் வரிசையா உக்காந்து ஒண்ணையே சாப்பிடறாங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் சமைக்கலாம்னு தோணும்.

சரி, என்ன போடறது, எவ்வளவு போடறது?

எங்க தெருவுலயே ஒரு அங்கன்வாடி டீச்சரக்கா இருக்காங்க. எனக்கு இதுல பாடம் எடுத்தவங்க அவங்கதான். 1975-ல ஐ.சி.டி.எஸ். திட்டம் ஆரம்பிச்சு இத்தனை வருஷமா நாடு முழுக்க அங்கன்வாடிங்க நடக்குது. அங்க ஆறு வயசுக்கு உட்பட்ட ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12-ல இருந்து 15 கிராம் புரதம் குடுக்கணும்னு கணக்கு வச்சிருந்தாங்க. அதுக்கு ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய்னு 2017-ல மத்திய அரசு நிர்ணயிச்சுது. அக்கா அதைச் சொல்லிட்டு, "எட்டு ரூபாய்க்கு நாங்க பாக்கறோம் கண்ணு, உனக்கென்ன?"ன்னாங்க. அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதிலே இல்ல. அன்னைக்கே அந்த 500 கலோரி, 15 கிராமை நோட்டுல எழுதி வச்சுட்டேன். எங்கிட்ட குழந்தைங்க ரொம்ப நேரம் இருக்கறதால அதைக் கொறைஞ்சபட்ச அளவா வச்சுக்கிட்டேன். அதுக்குக் கீழ எந்த நாளும் போகக்கூடாது.

இப்ப அரிசிம்பருப்புக்கு வர்றேன்.

கொங்கு நாட்டுக்காரங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்ல. மத்த ஊர்க்காரங்களுக்காக: அரிசியையும் தொவரம்பருப்பையும் ஒண்ணா வேகவைக்கற சாதம். சாம்பார் சாதம் கிடையாது, புளியே கிடையாது. எங்க பக்கம் வீட்டுக்கு ஆளுங்க திடீர்னு வந்தாலும் இதுதான், மழைன்னாலும் இதுதான், சமைக்கச் சலிப்பா இருந்தாலும் இதுதான்.

பெரியவங்களுக்குச் செய்யறப்ப மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவோம். குழந்தைங்களுக்கு நான் ரெண்டுக்கு ஒண்ணு போடறேன். பன்னெண்டு பேருக்கு 600 கிராம் அரிசி, 300 கிராம் தொவரம்பருப்பு. ரெண்டையும் கழுவி இருபது நிமிசம் ஊறவைச்சா குக்கர்ல சீக்கிரம் வெந்துரும், கேஸும் மிச்சம். கடலெண்ணெய்ல கடுகு, சீரகம், நசுக்கின பூண்டு, சின்ன வெங்காயம் கை நிறைய, தக்காளி, மஞ்சத்தூள். வரமொளகாக்குப் பதிலா மொளகு, அதுவும் பொடிச்சு, கொஞ்சூண்டு. தண்ணி வழக்கத்தைவிட ஒரு டம்ளர் கூட. குக்கரைத் தொறக்கறப்ப ஒரு வாசம் வரும் பாருங்க, ஹால்ல வெளையாடிட்டு இருக்கறதுங்க ஒவ்வொண்ணா வந்து கதவு பக்கம் நிக்கும். கடைசியா நெய்யும் கொத்தமல்லியும். கரண்டில எடுத்தா அப்படியே வழிஞ்சு தட்டுல உக்காரணும், அந்தப் பதம். ஒன்றரை வயசுக் குழந்தைக்கு மசிக்கவே வேண்டாம்.

காசு சொல்றேன். போன வாரம் நான் வாங்கின விலைக்கு அரிசி 36 ரூபாய், பருப்பு 42, நெய் 35, வெங்காயம் 15, தக்காளி 10, எண்ணெய், பூண்டு, மத்ததெல்லாம் 12. மொத்தம் 150 ரூபாய். ஒரு குழந்தைக்கு 12 ரூபா 50 பைசா. கூட ஒரு கேரட் பீன்ஸ் பொரியல் வச்சா 15, 16 ரூபாய்க்குள்ள மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுது.

புரதம் எவ்வளவு வருது? 25 கிராம் பருப்புல அஞ்சு கிராமுக்கு மேல. 50 கிராம் அரிசில மூணு, மூணரை. ஒம்போது கிராம்கிட்ட வந்துருச்சு. நாலுல இருந்து ஆறு வயசுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுசுக்கும் 16 கிராம் புரதம் வேணும்னு ஐ.சி.எம்.ஆர். 2020-ல சொல்லியிருக்கு. ஒரே வேளைல பாதிக்கு மேல! இதுல இன்னொரு அழகும் இருக்கு. அரிசிப் புரதத்துல லைசின்கிற அமினோ அமிலம் கம்மி, பருப்புல அது நெறைய. பருப்புல மெத்தியோனின் கம்மி, அரிசில அது இருக்கு. ரெண்டும் ஒரு தட்டுல சேர்ந்தா ஒண்ணோட கொறைய இன்னொண்ணு நெரப்பிரும். எங்க அம்மிச்சி இதையெல்லாம் படிக்கல, ஆனா அவங்க அடுப்புல இது தினமும் வெந்துச்சு.

அந்தப் பொண்ணுகிட்ட இதைத்தான் பொறுமையா சொன்னேன். பாஸ்தாவை நானும் செஞ்சு பார்த்தவதான், சும்மா குத்தம் சொல்லல. குழந்தைங்க ஆசையாத்தான் சாப்பிட்டாங்க. மூணு மணிக்கெல்லாம் "அத்தை, பசிக்குது"ன்னு ஒவ்வொண்ணா வந்துருச்சு. அரிசிம்பருப்பு அன்னைக்கு நாலரை வரைக்கும் ஒரு சத்தம் வராது.

காய்கறிக்குச் சிங்காநல்லூர் உழவர் சந்தைதான். 1999-ல மதுரைல மொதல்ல ஆரம்பிச்ச திட்டம் இது. எங்க ஊர்ல ஆர்.எஸ்.புரம், வடவள்ளி, சுந்தராபுரம்னு பல எடத்துல இருக்கு. விவசாயிங்களே கொண்டாந்து விக்கறாங்க, அன்னன்னைக்கு விலையைப் போர்டுல எழுதிப் போட்டுர்றாங்க, பேரம் பேசற வேலை இல்ல. வெள்ளென ஆறு மணிக்குப் போனாத்தான் கீரை நல்லதாக் கெடைக்கும். எட்டு மணிக்கு மேல போனா வாடினதுதான் மிச்சம். (நான் வழக்கமா வாங்கற கீரைக்காரம்மா, "உங்க பசங்களுக்குங்களா?"ன்னு கேட்டு ஒரு கட்டு சேர்த்தே போடுவாங்க. நல்லா இருக்கணும் அந்தம்மா.)

நான் லிஸ்ட் எழுதிட்டுச் சந்தைக்குப் போறதில்ல. எது மலிவா இருக்கோ அது அந்த வாரக் காயி. மலிவா இருக்குன்னா அது இப்பத்தான் வெளையுதுன்னு அர்த்தம், புதுசா இருக்கும். அதனாலதான் எங்க அட்டவணைல "பொரியல்"னு மட்டும் போட்டிருக்கும், என்ன காயின்னு எழுதவே மாட்டேன். தக்காளி நூறு ரூபாய் விக்கறப்ப தக்காளிச் சாதம்னு எழுதி வச்சுட்டு முழிக்கறதுக்கு, எழுதாம இருக்கறது நல்லது.

பரங்கிக்காய், பூசணி, பப்பாளிக்காய் இதெல்லாம் யாரும் மதிக்கறதே இல்ல. எங்கிட்ட இருக்கற ஒடியா குழந்தையோட அம்மா ஒரு நாள் அவங்க ஊர் டால்மா செஞ்சு கொண்டாந்தாங்க. பருப்போட பரங்கி, பப்பாளிக்காய், கத்திரி எல்லாம் பெருசு பெருசா வெட்டிப் போட்டு, சீரகம் வறுத்துப் பொடிச்சுத் தூவினது. என்னா ருசிங்கறீங்க! எங்க அரிசிம்பருப்புக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருந்துச்சு. பக்கத்துலயே நின்னு எப்படிச் செய்யறதுன்னு கத்துக்கிட்டேன். இப்ப புதன்கிழமைன்னா டால்மாதான். அட்டவணைல தமிழ்ல அந்தப் பேரைப் பார்த்துட்டு அந்தம்மா முகத்துல வந்த சிரிப்பு இருக்கே... அதுக்கு விலை போட முடியாது.

பழத்துக்கும் இதே கதைதான். ஆப்பிள்தான் பழம்னு ஒரு நெனைப்பு நம்மகிட்ட இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாங்கிட்டுப் போயிப் போயி பழகிட்டோம். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கற காசுக்கு நாலு கிலோ கொய்யா வருது. கொய்யால இருக்கற வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு, ஆப்பிள் கிட்டவே வர முடியாது. கொய்யா, பப்பாளி, பூவன்பழம், சப்போட்டா, ஆடி மாசம்னா நாவப்பழம் (கொட்டைய எடுத்துட்டு). காலைல பத்தரைக்கு பழம்தான். ஜூஸ் போடறதே இல்ல, பழமாவே கடிச்சுத் திங்கட்டும்.

வைட்டமின் சி-ய ஏன் இவ்வளவு புடிச்சுத் தொங்கறேன்னா, காரணம் ரத்தசோகை. 2019-21-ல எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வுல, தமிழ்நாட்டுல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்கள்ல 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு. அதுக்கு முந்தின ஆய்வுல 50.7-ஆ இருந்துச்சு. கூடியிருக்கு! நம்ம ஊர்ல, இத்தனை ஆஸ்பத்திரி இருக்கற ஊர்ல! எங்க வீட்டு ஹால்ல உக்காந்திருக்கற பன்னெண்டு பேர்ல ஆறேழு பேருக்கு இருக்கலாம்னு அர்த்தம். அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சாப்பாடே எறங்கல.

கீரை, பயிறு, ராகில இருக்கற இரும்புச்சத்தை ஒடம்பு சுலபமா எடுத்துக்காது. கூடவே வைட்டமின் சி போனா நல்லா எடுத்துக்கும். அதனால கீரைக் கடைசல் எறக்கினதும் எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு, சுண்டலுக்கும் ரெண்டு சொட்டு, சாப்பிட்டு முடிச்சதும் கொய்யா ஒரு கீத்து. எலுமிச்சம்பழம் அஞ்சு ரூபாய். அவ்வளவுதான் செலவு. டீ அதுக்கு நேரெதிர், இரும்பை உள்ள விடாது. மூணு வயசுக்கு டீயும் பன்னும் குடுத்துப் பழக்கற வீடுங்க நெறைய இருக்கு, தயவுசெஞ்சு நிறுத்துங்க.

முட்டைக்கு வருவோம்.

நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சாப்பிட்டு வளந்தவ. எம்.ஜி.ஆர். 1982-ல அந்தத் திட்டத்தை ஆரம்பிச்சாரு. கலைஞர் 1989-ல அதுல முட்டைய சேர்த்தாரு, அப்ப பதினஞ்சு நாளைக்கு ஒரு முட்டை. முட்டை நாளன்னைக்கு யாரும் லீவு போட மாட்டோம். 2010-ல இருந்து வாரத்துல அஞ்சு நாளும் முட்டை. நாமக்கல் நமக்குப் பக்கத்துலயே இருக்கறதால முட்டை நம்ம ஊர்ல என்னைக்குமே கைக்கெட்டற விலைதான். ஆறு ரூபாய், ஏழு ரூபாய்க்கு ஆறு கிராம் நல்ல புரதம், இரும்பு, வைட்டமின் ஏ. இதுக்கு ஈடா அந்தக் காசுக்கு எதையும் என்னால வாங்க முடியல. வாரத்துல மூணு நாள் அவிச்ச முட்டை இல்லைன்னா முருங்கைக்கீரை போட்ட ஆம்லெட்.

முட்டை சாப்பிடாத வீட்டுக் குழந்தைங்க மூணு பேர் இருக்காங்க. அவங்களுக்கு முளைகட்டின பச்சப்பயிறை ஆவில வேகவச்சு, நிலக்கடலைப் பொடி தூவிக் குடுக்கறேன் (முளைகட்டினத பச்சையாக் குடுக்கவே மாட்டேன், சின்ன வயிறு தாங்காது). வேடிக்கை என்னன்னா, முட்டை சாப்பிடறதுங்களும் இப்ப அதைக் கேக்குது. அதனால ரெண்டும் கொஞ்சம் சேர்த்தே செஞ்சுர்றேன்.

சாயங்காலம்தான் காசு ஓட்டையா ஒழுகற நேரம். இங்கதான் பிஸ்கட் பாக்கெட் வந்து நிக்கும்.

அதுக்கு எங்கிட்ட இருக்கற பெரிய ஆயுதம் ராகி. 100 கிராம் ராகில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், அதே அளவு பால்ல இருக்கறதைப்போல ரெண்டரை மடங்குக்கும் மேல. விலை கிலோ அம்பது ரூபாய் பக்கம். ராகிக் களி குடுத்துப் பார்த்தேன், குழந்தைங்க வாயில வச்சுட்டு அப்படியே வச்சிருந்தாங்க. அந்தப் பதம் புடிக்கல. கூழும் சரிப்படல. தேங்காய்ப்பூ போட்டு ராகிப் புட்டு செஞ்சேன், தட்டு காலி. வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்ட ராகி அடை, அதுவும் காலி. மாவு அதேதான், குழந்தைக்கு வாயில அது எப்படிப் படுதுங்கறதுதான் விஷயம்.

சின்னதுங்களுக்கு முளைகட்டின ராகிக் கஞ்சி. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சும்மா ராகி மாவைக் காய்ச்சினா ரெண்டு ஸ்பூன் போட்டதுமே கெட்டியாயிரும். தண்ணி ஊத்தி எளக்கினா வயிறு ரொம்பும், சத்து கம்மியா இருக்கும். ராகிய முளைகட்டி, காயவச்சு, லேசா வறுத்து மில்லுல அரைச்சா அந்த மாவு அவ்வளவா கெட்டிப்படாது. அதே டம்ளர் கஞ்சில கூட மாவு போடலாம். சின்ன வயித்துக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! முளைகட்டறப்ப இரும்பைத் தடுக்கற பைட்டேட்டும் கொறையுது. டப்பாவுல முளைகட்டின ராகின்னு அழகா படம் போட்டு நாலு மடங்கு விலைக்கு விக்கறாங்க. வீட்டுல ஒரு துணியும் ரெண்டு நாளும் போதும்.

மத்த நாள் வேகவச்ச சர்க்கரவள்ளிக் கிழங்கு, தட்டப்பயிறு சுண்டல், கம்பு தோசை, அவிச்ச நிலக்கடலை. நாலு வயசுக்குக் கீழ இருக்கறதுங்களுக்குக் கடலையை முழுசாக் குடுக்கறதே இல்ல, இடிச்சுத்தான். திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டித்தான். தொண்டைல போயி அடைச்சா ஒரு நிமிசத்துல என்ன வேணா ஆயிரும். பாப்கார்ன் எங்க வீட்டுக்குள்ளயே வராது. கடலை, முட்டை, பால்னு யாருக்கு எது ஒத்துக்காதுன்னு சமையல்கட்டு செவத்துல பெருசா எழுதி ஒட்டியிருக்கேன், எனக்கு ஒடம்பு சரியில்லாம வேற யார் சமைக்க வந்தாலும் மொதல்ல கண்ணுல படற மாதிரி.

சர்க்கரை பத்தி நான் கொஞ்சம் கண்டிப்புதான். ரெண்டு வயசு வரைக்கும் சேர்த்த சர்க்கரை கூடவே கூடாது. அதுக்கு மேல ஒரு நாளைக்கு எடுத்துக்கற கலோரில அஞ்சு சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 1,200 கலோரி சாப்பிடற குழந்தைக்கு அது 15 கிராம், மூணு டீஸ்பூன் சொச்சம். க்ரீம் பிஸ்கட் நாலு தின்னு ஒரு அட்டைப்பெட்டி ஜூஸ் குடிச்சா அது எப்பவோ தாண்டிப் போயிரும். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதாங்க. கவுந்தப்பாடில இருந்து வந்தாலும் சரி, எங்க மாமனார் வீட்டு ஆலைல காய்ச்சினாலும் சரி. அதனால அது அளவில்லாமப் போடலாம்னு கிடையாது.

பால்ல கலக்கற பவுடரு... 2024 ஏப்ரல்ல, அந்த மாதிரி பானங்களையெல்லாம் ஹெல்த் டிரிங்க் பிரிவுல இருந்து எடுங்கன்னு மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்கே சொல்லிருச்சு. டப்பாவைத் திருப்பிப் பின்னாடி படிங்க. எது அதிகமோ அதைத்தான் மொதல்ல எழுதணுங்கறது சட்டம். சர்க்கரை எத்தனாவது எடத்துல இருக்குன்னு பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. எங்க வீட்டுல பால்னா பால்தான். பனிக்காலத்துல மஞ்சளும் மொளகும் ஒரு சிட்டிகை.

"ஆனா எங்க குழந்தை இதெல்லாம் சாப்பிடாதுங்க்கா." வர்ற அம்மாக்கள்ல பாதிப்பேர் சொல்றது இது.

சாப்பிடும். கொஞ்சம் நாளாகும். ஒரு புது ருசியைக் குழந்தை ஏத்துக்கறதுக்குப் பத்து, பதினஞ்சு தடவை அதைப் பார்க்கணும், மோந்து பார்க்கணும், நாக்குல வச்சுத் துப்பணும். மூணாவது தடவையோட நாம விட்டுர்றோம், அங்கதான் போயிருது. எங்க வீட்டுல யாரையும் ஊட்டித் திணிக்கறதில்ல, போன் காட்டறதில்ல, "இதைத் தின்னா சாக்லேட்"னு பேரம் பேசறதில்ல. தட்டுல ஒரு ஸ்பூன் வைப்போம். வேண்டாம்னா தட்டு ஓரத்துல இருக்கட்டும். என்ன, எப்பன்னு முடிவு பண்றது நானு. எவ்வளவுன்னு முடிவு பண்றது அந்தக் குழந்தை.

மூணு வயசுப் பொண்ணு ஒருத்தி. பச்சையா எது தெரிஞ்சாலும் தட்டையே தள்ளிருவா. கொத்தமல்லித் தழைகூட ஒவ்வொண்ணா பொறுக்கி ஓரத்துல வைப்பா. எதுத்த வீட்டுல முருங்கை மரம் இருக்கு, கேட்டா ஒடிச்சுக்கச் சொல்லிருவாங்க. ஒரு நாள் மத்தியானத் தூக்கம் முடிஞ்சு எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு, நடுவுல ஒரு மொறத்தைப் போட்டு, ஆளுக்கு ஒரு கொத்து முருங்கைக்கீரை குடுத்தேன். காம்பை ரெண்டு விரல்ல புடிச்சு மேல இருந்து கீழ ஒரு உருவு உருவினா எல குவியும். அந்தப் பொண்ணுக்கு அது அவ்வளவு புடிச்சுப்போச்சு. சின்னச் சின்ன வெரலு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒரு காம்புல ஒரு எல இல்லாம உருவறா. அன்னைக்குச் சாயங்காலம் அடை ஊத்தினேன். தட்டுல வச்சதும் கிட்டக் கொண்டுபோயிப் பார்த்தா. "அத்தை, இது நான் பறிச்சது"ன்னா. பக்கத்துல இருந்தவன்கிட்டயும் சொன்னா. அப்பறம் பிச்சு வாயில போட்டுக்கிட்டா. ரெண்டாவது அடையும் கேட்டா. நான் சமையல்கட்டுக்குள்ள வந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டேன்.

இப்ப வாரத்துல ரெண்டு நாள் கீரை ஆயற வேலை அவங்களுது. எனக்கும் உதவி. கீரைல காசு பெருசில்ல, ஆயற நேரம்தான் பெரிய செலவு.

மிச்சமாகறதைப் பத்தியும் சொல்லிர்றேன், வீட்டுல டே கேர் நடத்தறவங்க நெறையப் பேர் கேக்கறீங்க. டம்ளர் கணக்கு வச்சுக்கோங்க. கண் அளவுல போட்டா தினமும் ரெண்டு பேர் சாப்பாடு மிஞ்சும், மாசக் கடைசில அது கிலோ கணக்குல வந்து நிக்கும். பதினோரு மணிக்கு அடுப்பு பத்தவச்சா பன்னெண்டேகாலுக்குத் தட்டு. மத்தியானச் சாதத்தைச் சாயங்காலம் சூடு பண்ணிப் போடாதீங்க, வெந்த சாதம் மணிக்கணக்கா வெளிய இருந்தா கிருமி வளந்துரும், மறுபடி சுட வச்சாலும் அதோட விஷம் போகாது. அப்பறம் இன்னொண்ணு, ரேஷன் அரிசி, ரேஷன் பருப்பைத் தொழிலுக்குக் கொண்டுவராதீங்க. அது நம்ம வீட்டுக் கார்டுக்கு வர்றது.

பொறந்த நாளுக்குக் கேக்கும் சிப்ஸ் பாக்கெட்டும் கொண்டார்றத நிறுத்தச் சொல்லியிருக்கேன். மொதல்ல ரெண்டு பேர் வருத்தப்பட்டாங்க. அதுக்குப் பதிலா அன்னைக்கு அந்தக் குழந்தைக்குப் புடிச்ச பழம், எல்லாருக்கும் போதற அளவு. நான் பாசிப்பருப்பு பாயசம் வைப்பேன். பொறந்தநாள் குழந்தைதான் எல்லாருக்கும் பழம் எடுத்துக் குடுக்கும். அந்தப் பெருமையே தனி.

காசைக் கூட்டிச் சொல்லிர்றேன். காலைப் பழம், மத்தியானச் சாப்பாடு, முட்டை, பால், சாயங்காலப் பலகாரம், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 36-ல இருந்து 40 ரூபாய் ஆகுது. மாசத்துக்கு 1,000 ரூபாய் வாங்கறேன், ரசீதுல தனி வரியா எழுதிக் குடுக்கறேன். மொதல்ல கட்டணத்தோட சேர்த்தே வாங்கினேன். அப்படி வாங்கறப்ப பெத்தவங்களுக்கு அது எங்க போகுதுன்னு தெரியாது, எனக்கும் பருப்பு விலை ஏறினா எங்க கையைக் கடிக்குதுன்னு தெரியாது. தனியா எழுதின அப்பறம் ரெண்டு பக்கமும் நிம்மதி.

இந்த 40 ரூபாயை ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட், ஒரு சிப்ஸ், ஒரு ஜூஸ் டப்பாவோட வச்சுப் பாருங்க. கிட்டத்தட்ட அதே காசுதான். காசில்லாததால குழந்தைங்களுக்குச் சத்து போகலைன்னு பல வீட்டுல சொல்ல முடியாது. காசு போகுது, வேற எடத்துக்குப் போகுது.

அந்தம்மா பையனைச் சேர்த்துட்டாங்க, திங்கக்கிழமைல இருந்து வர்றான். ப்ரோக்கோலிய நான் வேண்டாம்னு சொல்லல, ஊட்டில வெளைஞ்சு சந்தைக்கு மலிவா வர்ற அன்னைக்கு வாங்கறேன்னு சொல்லியிருக்கேன்.

குழந்தைய டே கேர்ல விடறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. ஹால்ல ஒட்டியிருக்கற கார்ட்டூன் படத்தையும் கேமராவையும் பார்க்கறீங்க, பாருங்க, தப்பில்ல. அதோட சமையல்கட்டுக்குள்ளயும் போயிப் பாருங்க. என்ன பருப்பு, என்ன எண்ணெய், தண்ணி காய்ச்சறாங்களா, காயி எங்க வாங்கறாங்கன்னு கேளுங்க. கூச்சப்படாம, சொல்லாம கொள்ளாம ஒரு நாள் மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் போயி நில்லுங்க. நல்லா நடத்தறவங்க யாரும் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.